எலிக் காய்ச்சல்: ஒரு நோயை உலகம் அறிந்துகொண்ட வரலாறு

முன்னுரை

ஏலாதி, சிறுபஞ்சமூலம் ஆகிய இரண்டு அறநூல்களும் மருந்தின் பெயரைத் தாங்கியவை என்பதை இம்மலரைப் படிக்கும் தமிழன்பர்கள் அறிவார்கள். இவற்றைச் செய்த கணிமேதாவியாரும் காரியாசானும் சமணப் புலவர்கள். உடல் நோய்க்கு மருந்து போல உயிர் நோய்க்கு அறம் என்பது அவர்கள் கருத்து. சமணர் போற்றும் தானங்கள் நான்கு: ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம். பசித்தவனுக்குச் சோறு, அஞ்சிய உயிருக்கு அடைக்கலம், நோயாளிக்கு மருந்து, அறியாதவனுக்கு அறிவு. இந்த நான்கில் இரண்டு ஒன்றோடொன்று மோதினால் என்ன செய்வது? எலிக்கு அபயம் கொடுத்தால் மனிதனுக்கு ஆபத்து வருமா? இந்தக் கேள்வி என் வாழ்க்கையில் ஒரு மழைக்காலத்தில் வந்து நின்றது. அதற்கு விடை தேடிப் பல ஆண்டுகள் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல, அரிசி வியாபாரி. படித்ததையும் பட்டதையும் சொல்கிறேன், அவ்வளவுதான்.

2005-ஆம் ஆண்டு மழை

அந்த ஆண்டு அக்டோபரில் பெங்களூரில் பெய்த மழையை இங்குள்ள பழைய குடும்பங்கள் மறந்திருக்காது. எங்கள் கடை இருந்த தெருவில் சாக்கடை நீர் பொங்கி, குடோனுக்குள் முழங்கால் அளவு நின்றது. கீழ் வரிசை மூட்டைகளைக் காப்பாற்ற நான்கு பேர் இரவு முழுவதும் அந்த நீரில் நின்று வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். எங்களிடம் பல வருடமாக மூட்டை தூக்கியவர். குதிகாலில் பித்தவெடிப்பு உண்டு. செருப்புக்கூட இல்லாமல் நின்றார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எட்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. "முதலாளி, ஆடுசதையை யாரோ முறுக்கிப் பிழியுற மாதிரி இருக்கு" என்றார். கண் சிவந்திருந்தது. பிறகு கண்ணில் மஞ்சள் தட்டியது. எனக்குச் சித்த மருத்துவ ஏடுகளில் கொஞ்சம் பழக்கம் உண்டு. அந்தக் கர்வமும் உண்டு. காமாலைதானே என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து நானே கொடுத்தேன். நான்கு நாள் பத்தியம். ஐந்தாம் நாள் சிறுநீர் நின்றுபோனது. அதன் பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "இவர் மழைத் தண்ணீரில் நின்றாரா?" டயாலிசிஸ் செய்தார்கள். மூன்றாம் நாள் இருமலில் இரத்தம் வந்தது. மறுநாள் போய்விட்டார்.

நோயின் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ் என்றார்கள். தமிழில் எலிக் காய்ச்சல், கன்னடத்தில் இலி ஜ்வர, மலையாளத்தில் எலிப்பனி. மூன்று மொழியும் எலியின் மேல்தான் பழியைப் போடுகின்றன. எங்கள் குடோனில் எலிப் பாஷாணம் வைப்பதில்லை என்பது தெருவுக்கே தெரியும். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "நயினாரே, எலியைக் கொல்ல மாட்டேன்னீங்க. ஆளைக் கொன்னுட்டீங்களே?" எனக்கு வாயில் பதில் வரவில்லை.

பெங்களூர் கண்ட பழைய எலி நோய்

எலியால் வந்த நோய் இந்த ஊருக்குப் புதிது அல்ல. 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரயில் வழியாகப் பிளேக் பெங்களூருக்குள் நுழைந்தது. பேட்டையிலும் தண்டுப் பகுதியிலும் மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். பின்னாளில் மைசூர் திவானாக இருந்த வி. பி. மாதவராவ் அப்போது பிளேக் ஆணையராகப் பணிபுரிந்தார். நெரிசல்தான் காரணம் என்று உணர்ந்து உருவாக்கப்பட்டவையே மல்லேஸ்வரம், பசவனகுடி என்னும் விரிவாக்கப் பகுதிகள். சில ஆண்டுகள் கழித்துத் தண்டுப் பகுதியில் பிரேசர் டவுன் எழுந்தபோது, எலி புகாத வீடு கட்டுவதே திட்டமாக இருந்தது. பெங்களூரிலும் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் இன்றும் நின்று கொண்டிருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்த அச்சத்தின் சாட்சிகள்.

ஆனால் பிளேக்குக்கும் எலிக் காய்ச்சலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பிளேக்கில் எலி முதலில் சாகும். அதன் உடம்பிலிருந்த தெள்ளுப்பூச்சி பிறகு மனிதனைக் கடிக்கும். கூரையிலிருந்து எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய் என்று பாட்டிமார் சொன்னது இதனால்தான். எலிக் காய்ச்சலில் எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. கிருமி அதன் சிறுநீரகத்தில் குடியிருந்து, மாதக் கணக்கில், சில சமயம் ஆயுள் முழுவதும், சிறுநீரோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். எலி ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும். அதாவது எச்சரிக்கை மணி கிடையாது. மனிதன் எலியைப் பார்க்கவே வேண்டாம், கடிபடவும் வேண்டாம். அது நடந்த ஈரத்தில் புண்ணுள்ள காலை வைத்தால் போதும். எலி மட்டுமல்ல, மாடு, பன்றி, நாய் முதலிய பிராணிகளும் இக்கிருமியைச் சுமக்கும்.

வைல் முதல் இனாடா வரை

இந்நோயைத் தனி நோயாக எடுத்துக் காட்டியவர் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்து மருத்துவர் அடால்ஃப் வைல். 1886-ஆம் ஆண்டில் காய்ச்சல், காமாலை, மண்ணீரல் வீக்கம், சிறுநீரகப் பாதிப்பு ஆகிய நான்கும் சேர்ந்து வந்த நோயாளிகளைப் பற்றி அவர் எழுதினார். அதனால் இந்நோயின் கடுமையான வகைக்கு இன்றும் வைல் நோய் என்று பெயர். ஆனால் காரணம் என்ன என்பது அவருக்குத் தெரியாது. நெல் வயலில் இறங்கியவன், கரும்பு வெட்டியவன், பன்றி மேய்த்தவன், சாக்கடை அள்ளியவன் என்று உழைப்பாளிகளுக்கே இது வந்ததால், ஒவ்வொரு நாட்டிலும் தொழிலின் பெயராலோ பருவத்தின் பெயராலோ ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஜப்பானில் ஏழு நாள் காய்ச்சல் என்றும் இலையுதிர்காலக் காய்ச்சல் என்றும் வழங்கியது. எல்லாம் ஒரே குடும்பத்துக் கிருமிகள் செய்த வேலை என்று தெரிய வெகு காலம் ஆயிற்று.

1907-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஸ்டிம்சன், மஞ்சள் காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் திசுவில், திருகாணி போல் சுருண்டு முனை வளைந்த கிருமிகளைக் கண்டார். கேள்விக்குறி போன்ற வடிவம் என்பதால் அந்தப் பொருள்படும் சொல்லையே பெயராக வைத்தார். கேள்விக்குறிக்கு விடை கிடைத்தது ஜப்பானில். கியூஷு தீவில் நீர் கசியும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இந்நோய் அதிகம். அங்கே ரியோகிச்சி இனாடா, யுடாகா இடோ ஆகியோர் 1914 முதல் 1916 வரை ஆராய்ந்து, நோய்க் காரணமான கிருமியைப் பிரித்துக் காட்டினார்கள். அது தோலின் வழியாகவே உடம்பில் புகும் என்பதையும், எலியின் சிறுநீரகத்தில் அது இருக்கிறது என்பதையும் அக்குழுவினர் நிறுவினார்கள். அதே 1915-ஆம் ஆண்டில், முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் சேற்றில் கிடந்த வீரர்களிடமிருந்து ஜெர்மானிய ஆய்வாளர்களும் இக்கிருமியைக் கண்டார்கள்.

நொகுச்சியின் பிழை

லெப்டோஸ்பைரா என்ற பெயரைச் சூட்டியவர் ஹிடேயோ நொகுச்சி, 1917-ஆம் ஆண்டில். நியூயார்க்கில் பணிபுரிந்த ஜப்பானிய அறிஞர். உலகப் புகழ் பெற்றவர். அவர் தென்னமெரிக்கா சென்று, மஞ்சள் காய்ச்சல் என்று சொல்லப்பட்ட நோயாளிகளிடம் லெப்டோஸ்பைராவைக் கண்டு, அதுவே மஞ்சள் காய்ச்சலின் கிருமி என்று 1919-ஆம் ஆண்டில் அறிவித்தார். உண்மையில் அவர் பார்த்தது வைல் நோயாகவே இருக்க வேண்டும் என்பது பிற்கால ஆய்வாளர் முடிவு. மஞ்சள் காய்ச்சலுக்குக் காரணம் வைரஸ். அதைச் சோதிக்க ஆப்பிரிக்கா சென்ற நொகுச்சி, 1928-ஆம் ஆண்டில் அக்ரா நகரில் மஞ்சள் காய்ச்சலாலேயே இறந்தார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கண் மஞ்சளானால் ஒரே நோய் என்று நினைத்தது அவ்வளவு பெரிய அறிஞருக்கே நேர்ந்த பிழை. எனக்கும் அதே பிழை. கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை. காமாலை என்பது நோயின் பெயர் அல்ல, அடையாளம். அது எதனால் வந்தது என்று கேட்காமல் மருந்து கொடுத்தது என் குற்றம்.

அந்தமானில் திறந்த கதவு

நம் நாட்டில் இந்நோயின் வரலாறு அந்தமானில் தொடங்குகிறது. காடு வெட்டவும் வயல் திருத்தவும் அங்கே அனுப்பப்பட்ட கைதிகளிடையே காமாலைக் காய்ச்சல் இருந்தது. அது லெப்டோஸ்பைரோசிஸ் என்று டெய்லர், கோயல் என்னும் இரு மருத்துவ ஆய்வாளர்கள் 1931-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நிறுவினார்கள். ஆனால் அதன் பிறகு நெடுங்காலம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

1988 முதல் மழை முடியும் ஒவ்வொரு பருவத்திலும் வட அந்தமானில் ஒரு காய்ச்சல் வந்தது. இருமலில் இரத்தம் கக்கி ஆட்கள் இறந்தார்கள். பெயர் தெரியாததால் அந்தமான் இரத்தப்போக்குக் காய்ச்சல் என்றே அழைத்தார்கள். போர்ட் பிளேர் நகரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக மையம் 1993-ஆம் ஆண்டு ஆய்வில் இதுவும் எலிக் காய்ச்சலே என்று கண்டது. காமாலையே இல்லாமல் நுரையீரலைத் தாக்கிக் கொல்லும் வகையும் உண்டு என்பதை மருத்துவ உலகம் உணர்ந்ததில் அந்தமானுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1999-ஆம் ஆண்டு ஒரிசாவைப் புயல் சூறையாடிய பின்பும், 2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய பின்பும் இந்நோய் பரவியது. தென் குஜராத்தின் கரும்பு, நெல் வயல்களிலும், நம் கர்நாடகத்தின் உடுப்பி, தட்சிண கன்னட மாவட்டங்களிலும் இது ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் பேருக்கு நோயும், ஏறத்தாழ 59,000 மரணமும் ஏற்படுவதாக 2015-ஆம் ஆண்டில் வெளியான கணக்கு சொல்கிறது.

சென்னை மருத்துவர்களின் பங்கு

எலிக் காய்ச்சலைக் கண்டுபிடிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. உயிருள்ள கிருமிகளோடு நோயாளியின் இரத்தநீரைக் கலந்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை 1918-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. இன்றும் அதுதான் உரைகல். ஆனால் அதற்குப் பல வகைக் கிருமிகளை உயிரோடு வளர்த்து வைத்திருக்க வேண்டும். எல்லா ஊரிலும் நடக்காது. மேலும் முதல் வாரத்தில் எதிர்ப்புப் பொருள் போதிய அளவு உண்டாகாததால், நோய் இருந்தும் சோதனை இல்லை என்று சொல்லிவிடும். இப்போது முதல் வாரத்துக்கு மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையும், அதன் பிறகு எலிசா சோதனையும் வந்துவிட்டன.

தமிழ்நாட்டில் 1990-களில் சென்னையின் சிறுநீரக மருத்துவர் முத்துசேதுபதி போன்றோர், மழைக்காலத்தில் சிறுநீரகம் செயலிழந்து வருவோரில் இந்நோய் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் ஆடு மாடுகளிடமும் மனிதரிடமும் இதை ஆராய்ந்தது. ஆஸ்திரேலிய அறிஞர் ஃபெய்ன் வகுத்த மதிப்பெண் முறையைச் சென்னை மருத்துவர் சிவகுமார் நம் நாட்டுக்கு ஏற்பத் திருத்தி 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்தத் திருத்தத்தில் மழையும் அசுத்த நீரில் நின்றதும் மதிப்பெண் பெறும் கேள்விகள். எங்கள் ஆளைப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியின் பொருள் எனக்கு இதைப் படித்த பின்புதான் விளங்கியது. காய்ச்சலோடு வருபவரிடம் நாடி பிடிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்பதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம்.

நம் பெங்களூரிலும் எலகங்காவில் தேசியக் கால்நடை நோய்ப் பரவலியல் நிறுவனம் இருக்கிறது. நிவேதி என்பது அதன் சுருக்கப் பெயர். கால்நடைகளிடம் இந்நோய் எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதும் அங்கே நடக்கும் ஆய்வுகளில் ஒன்று. மனித மருத்துவமும் பிராணி மருத்துவமும் தனித்தனி வீடு அல்ல என்பதற்கு இந்நோயைவிட நல்ல உதாரணம் இல்லை.

மருந்தும் தடுப்பும்

இவ்வளவு அஞ்ச வேண்டிய நோய்க்கு மருந்து எளியது என்பதுதான் வேதனை. ஆரம்ப நிலையில் டாக்சிசைக்ளின் மாத்திரை; முற்றிய நிலையில் ஊசி வழியாகப் பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன். இவ்விரண்டும் சமமாகப் பலன் தருவதாகத் தாய்லாந்தில் நடந்த ஆய்வு 2003-ஆம் ஆண்டில் காட்டியது. சிறுநீரகம் நின்றுவிட்டாலும், டயாலிசிஸ் மூலம் அந்தச் சில நாட்களைக் கடத்திவிட்டால் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். காலம்தான் இங்கே மருந்து. அந்த நான்கு நாளை நான் விழுங்கிவிட்டேன்.

வருமுன் காக்கவும் வழி உண்டு. பனாமாக் காட்டில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் போர்வீரர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1984-ஆம் ஆண்டில் வெளியானது. வெற்று மாத்திரை உண்டவர்களில் 20 பேருக்கு நோய். மருந்து உண்டவர்களில் ஒருவருக்கு மட்டும். வட அந்தமானில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் பலன் அவ்வளவு இல்லை. கிருமி புகுவது குறையவில்லை, ஆனால் நோயாக வெளிப்படுவது ஏறக்குறையப் பாதியானது. 2018-ஆம் ஆண்டு கேரள வெள்ளத்தின்போது, மீட்புப் பணியில் இறங்கியவர்களுக்கும் வெள்ள நீரில் நின்றவர்களுக்கும் இம்மாத்திரையை அரசே பரவலாக வழங்கியது. இதை அவரவரே கடையில் வாங்கி விழுங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஏற்றதல்ல. மருத்துவர் சொல்லி உண்பதே முறை. நாய்க்குத் தடுப்பூசி உண்டு. வளர்ப்பவர்கள் தவறாமல் போட வேண்டும்.

நம்மவர்களில் சிலர், நீரை வடிகட்டிக் குடி என்று சமணம் அன்றே சொன்னதே, அது இதற்குத்தானே என்று கேட்பதுண்டு. எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. இக்கிருமியின் தடிமன், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் வரும் ஒரு கூறு. மற்றக் கிருமிகளைத் தடுக்கும் ஆய்வுக்கூட வடிகட்டியையே இது நழுவிக் கடந்துவிடும், துணி எம்மாத்திரம்? கொதிக்க வைத்தால் சாகும். வெயிலில் காய்ந்தால் சாகும். பிளீச்சிங் பவுடருக்குச் சாகும். ஈரத்தில் மட்டும் வாரக் கணக்கில் உயிரோடு இருக்கும். வடிகட்டும் விரதத்தின் பெருமை கருணையில் இருக்கிறது. அதை மருத்துவமாக்கிப் பேசுவது இரண்டுக்கும் மரியாதை அல்ல.

எலியைக் கொல்வதா?

இப்போது பக்கத்துக் கடைக்காரரின் கேள்விக்கு வருகிறேன். தீனியும் பொந்தும் இருக்கும் வரை, கொன்ற எலிகளின் இடத்தைப் பிற எலிகள் வந்து நிரப்பும் என்பது எந்த மண்டிக்காரருக்கும் தெரிந்த அனுபவம். கனடாவின் வான்கூவர் நகரில் நடந்து 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. எலிகளைப் பிடித்துக் கொன்ற தெருக்களில், பிறகு மிஞ்சிய எலிகளிடம் இக்கிருமி இருக்கும் வாய்ப்பு கூடியிருந்ததாம். கூட்டம் கலைந்து புது எலிகள் கலப்பதால் இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இதை வைத்து அஹிம்சை ஜெயித்தது என்று நான் மார்தட்டப் போவதில்லை. ஒரு நகரத்து ஆய்வு எல்லா ஊருக்கும் தீர்ப்பு ஆகாது. எங்கள் தெருவில் அன்று பொங்கிய நீரில் யார் கடை எலியின் சிறுநீர் இருந்தது என்றும் யாராலும் சொல்ல முடியாது. பாஷாணம் வைத்த கடைகளிலும் எலி இருக்கத்தான் செய்தது.

ஆனால் இந்த வாதத்தால் நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எலியைக் கொல்லாதது என் குற்றமல்ல என்றே இன்றும் நினைக்கிறேன். எலிக்கு அபயம் கொடுத்த நான், காலில் வெடிப்போடு சாக்கடை நீரில் நின்ற மனிதனுக்கு ஒரு ஜோடி கம்பூட் கொடுக்கவில்லையே, அதுதான் குற்றம். கொல்லாமை என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிட்டேன். கொல்லாமலிருக்க நிறைய வேலை செய்ய வேண்டும்.

அந்த வேலை இதுதான். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல், ஒரு முழ உயரத்தில் மரச்சட்டம் போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்கினோம். கதவின் அடியில் தகடு அடித்து, பொந்துகளைச் சிமெண்டால் அடைத்தோம். சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டி அள்ளினோம். நீர் புகுந்தால் கம்பூட்டும் கையுறையும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. காலில் புண் இருந்தால் இறங்கவே கூடாது. வடிந்த பின் பிளீச்சிங் பவுடர். எலி முழுவதும் போகவில்லை, ஆனால் வெகுவாகக் குறைந்தது. இதெல்லாம் 1898-லேயே இந்த ஊர் கற்ற பாடம்தான்: எலி புகாத வீடு கட்டு. நான்தான் வரலாறு படித்தும் பாடம் படிக்கவில்லை.

முடிவுரை

இது மூட்டை தூக்குபவரின் நோய், நமக்கென்ன என்று அடுக்குமாடியில் வாழும் அன்பர்கள் நினைக்க வேண்டாம். 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெல்லந்தூர், மாரத்தஹள்ளிப் பக்கம் கணினி அலுவலகத்தாரை டிராக்டரிலும் படகிலும் ஏற்றிச் சென்றதைப் பார்த்தோம். இராஜகால்வாய் பொங்கினால் பணக்காரன் வீடு, ஏழை வீடு என்று பார்ப்பதில்லை. அந்த நீர் வடிந்ததும் நம் வீட்டுக் கீழ்த்தளத்தைக் கழுவ வருபவர் யார், அவர் காலில் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் பாருங்கள். மழை நீரில் நின்ற ஒருவருக்கு ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் ஆடுசதை வலியும் கண் சிவப்பும் வந்தால், மஞ்சள் தட்டும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். "இவர் மழைத் தண்ணீரில் நின்றார்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

காரியம் முடிந்த பிறகு கிருஷ்ணகிரிக்குப் போய், இறந்தவரின் மனைவியிடம் என் பிழையை மறைக்காமல் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்று என்னிடம் இருந்தது ஆகார தானமும் அபய தானமும்தான். ஔஷத தானத்தைத் தப்பாகச் செய்தேன். சாஸ்திர தானம் மட்டும் பாக்கி இருந்தது. இக்கட்டுரையை அந்தப் பாக்கிக்கு வரவு வைக்கும்படி தமிழன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.